கதவு பிடிக்க வந்தவர்கள்: கொட்டாஞ்சேனையில் மூன்று நாள்

முதல் நாள், வியாழக்கிழமை

மட்டக்களப்பில் உதயதேவி ரயில் நகரத் தொடங்கிய பிறகுதான் வீட்டுச் சாவி என் கைப்பையிலேயே கிடப்பது தெரிந்தது. அவருக்குப் போன் எடுத்தேன். "பரவாயில்லை, பின்பக்கத்தால் ஏறிக் குதிக்கிறேன், நீ போய் உன் கூட்டாளிகளைப் பார்" என்றார். ஐம்பது வயதை நெருங்கும் மனிதர் மதிலேறும் காட்சியை நினைத்துக்கொண்டே வாழைச்சேனை வரைக்கும் சிரித்தேன். கல்யாணத்துக்குப் பிறகு நான் தனியாகப் போகும் முதல் நீண்ட பயணம் இது. பிள்ளைகள் இருவரும் "அம்மா டூர் போறா" என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார்கள்.

டூர் ஒன்றும் இல்லை. 1996 டிசம்பரில் சாதாரண தரப் பரீட்சை எழுதிய எங்கள் வகுப்பில் ஆறு பேர், படித்த பாடசாலையிலேயே ஒருநாள் கூடுகிறோம். வகுப்பில் 31 பேர் இருந்தோம். மற்றவர்கள் எங்கெங்கோ. குழுவில் பூவும் காலை வணக்கமும் போடுவார்கள், திகதி கேட்டால் மட்டும் மறைந்துவிடுவார்கள்.

எழுதுவதற்குக் குழுவில் ஒரு நிபந்தனை போட்டார்கள்: யாருடைய பெயரும் வரக் கூடாது. ஒருத்தியின் மாமி நான் எழுதுவதை ஒரு வரி விடாமல் வாசிப்பவராம். (மாமி, வணக்கம்.) ஆகவே ஒவ்வொருத்தியையும் அவள் இருக்கும் ஊரால் சொல்கிறேன். பாடசாலையின் பெயரும் வேண்டாம். கொழும்பு 13, கொட்டாஞ்சேனை, பெண் பிள்ளைகள் படிக்கும் இடம், அவ்வளவு போதும்.

ரயில் பயணம் ஏறக்குறைய 350 கிலோமீற்றர். யன்னலோரம் கிடைத்தது. மன்னம்பிட்டியில் மகாவலியைக் கடக்கும்போது பக்கத்தில் இருந்த வயதான ஐயா, "முந்தி ரயிலும் பஸ்ஸும் இந்த ஒரே பாலத்தாலதான் பிள்ளை" என்று தொடங்கினார். உண்மைதான். ரயில் வந்தால் பஸ் காத்திருக்க வேண்டும். இப்போது வாகனங்களுக்குத் தனிப் பாலம் இருக்கிறது. ஐயாவுக்கு அது பிடிக்கவில்லை போல. காத்திருந்த நேரத்தில் இறங்கி ஆற்றைப் பார்க்கலாமாம்.

கல்லோயாவை நெருங்கியதும் ரயில் மெதுவாகியது. பெட்டியில் எல்லோரும் பேச்சை நிறுத்திக் காட்டைப் பார்த்தார்கள். 2025 பெப்ரவரியில் இந்தப் பக்கத்தில்தான் இரவு ரயிலான மீனகயா மோதி 6 யானைகள் செத்துப்போயின. பெட்டிகளும் தண்டவாளத்தை விட்டு இறங்கின. இன்று யானை எதுவும் கண்ணில் படவில்லை. ஒரு மயிலும் நிறைய பிளாஸ்டிக் போத்தல்களும்தான்.

போத்தல் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். காலையில் இருந்து நான் மூன்று மிடறு தண்ணீர்தான் குடித்தேன். ரயில் கழிவறையை நினைத்துத்தான். இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று நான் யோசித்ததே இல்லை, நாளைய பதிவு வரைக்கும். இப்போதைக்கு விடுகிறேன்.

கோட்டை நிலையத்தில் இறங்கினால் ஒல்கொட் சிலை அப்படியே நிற்கிறது. வத்தளைக்காரி அதன் கீழ்தான் நிற்பேன் என்று சொல்லியிருந்தாள். நான் மெலிந்த ஒரு பெண்ணைத் தேடிக்கொண்டிருக்க, பின்னால் ஒருத்தி முதுகில் அறைந்தாள். "என்னடி, கண் தெரியாதா?" சரி, அவளும் மெலிந்த ஒருத்தியைத்தான் தேடியிருப்பாள்.

கொட்டாஞ்சேனையில் வாடகைக்கு இருந்த தமிழ்க் குடும்பங்களில் பாதிக்கு மேல் களனி ஆற்றைத் தாண்டி வத்தளை, ஹெந்தளைப் பக்கம் போய்விட்டதாக அவள் சொல்கிறாள். அவள் கணக்கு அப்படி. இரவில் கல்யாணி பாலத்தின் வடங்களில் நிறம் மாறி மாறி விளக்கு எரிந்தது. 2021 இல் திறந்தது, நான் இன்றுதான் பார்க்கிறேன். "ஒவ்வொரு நாளும் இதில நெரிசலில நின்று பார், அழகு தெரியாது" என்றாள்.

வீட்டில் இடியாப்பம், சொதி, கருவாட்டுத் தீயல். டென்மார்க்காரி ஏற்கெனவே வந்து சோபாவில் காலை நீட்டிக்கொண்டு படுத்திருந்தாள். மணி பன்னிரண்டு வரை சண்டை. சண்டைக்குக் காரணம் ஒரு வளைவு.

விஷயம் இதுதான். பாடசாலைக்கு ஏதாவது செய்வது என்று ஒரு வருடமாகக் காசு சேர்த்தோம். மூன்று லட்சத்து எண்பதாயிரம் ரூபாய் இருக்கிறது, அதில் பெரும்பங்கு டென்மார்க்காரியுடையது. அவளுக்கு நுழைவாயிலில் ஒரு வளைவு கட்ட வேண்டும், மேலே '1996 மாணவியர் அன்பளிப்பு' என்று எழுத வேண்டும். மாதிரிப் படமே கீறிக்கொண்டு வந்துவிட்டாள். வத்தளைக்காரிக்கு அது பிடிக்கவில்லை. எனக்கு? நான் நித்திரை வருகிறது என்று சொல்லித் தப்பினேன்.

இரண்டாம் நாள், வெள்ளிக்கிழமை

ஆமர் வீதிச் சந்தியில் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தோம். ஓட்டோ பிடிக்கலாம்தான், ஆனால் நடந்து போனால்தான் பாடசாலைக்குப் போகிற மாதிரி இருக்கும் என்று ஒருமனதாக முடிவு. அந்த ஒருமனம் பத்து நிமிடம் நீடித்தது. வெயில்.

ஜம்பட்டா வீதியில் பழைய ஓட்டு வீடுகள் குறைந்திருக்கின்றன. டென்மார்க்காரியின் வீடு இருந்த இடத்தில் தொடர்மாடி. கீழே மருந்துக்கடை. அவள் எதிர்ப்பக்கம் நின்று மாடிகளை எண்ணினாள், ஒன்பது. பிறகு ஒன்றும் சொல்லாமல் நடந்தாள். லூசியா தேவாலயத்தின் குவிமாடம் மட்டும் எங்கு நின்றாலும் முன்போலத் தெரிகிறது. சின்ன வயதில் நான் வழி தவறினால் அதைப் பார்த்துத்தான் திரும்புவேன்.

பொன்னம்பலவாணேசுவரத்துக்குள் கால் வைத்ததும் எல்லோருக்கும் ஒரே நினைவு: பரீட்சைக் காலம். சேர் பொன்னம்பலம் இராமநாதன் முழுக்கக் கருங்கல்லால் எழுப்பிய கோயில் இது. கொழும்பு வெயிலில் எரிந்துகொண்டு வந்தால் உள்ளே தரை குளிரும். பக்தியைவிடத் தரைக்காகத்தான் வந்தோம் என்று இப்போது ஒப்புக்கொள்ளலாம். தூணோரம் இருந்து வரலாறு பாடமாக்குவோம், ஐயர் முறைத்தால் கண்ணை மூடிக் கும்பிடுவோம். மாளிகாவத்தைக்காரியும் எங்களோடு வாசல் வரை வந்து, வெளித் திண்ணையில் செருப்புகளுக்குக் காவல் இருந்து, அங்கிருந்தே கேள்வி கேட்பாள். பதில் பிழைத்தால் செருப்பைத் தரமாட்டாள்.

இன்றும் அவள் அங்கேதான் வந்து சேர்ந்தாள். கறுப்பு அபாயா, கையில் வட்டிலப்பம் இருந்த பாத்திரம். மட்டக்குளிக்காரியும் ஹட்டன்காரியும் நேரே பாடசாலைக்கு வந்துவிட்டார்கள். ஆறு பேரும் சரி.

ஓகஸ்ட் விடுமுறை என்பதால் பிள்ளைகள் இல்லை. வாயிலில் அச்சாறு விற்கும் பெட்டியும் இல்லை. மாங்காய், அன்னாசி, வெரளிக்காய், மேலே மிளகாய்த்தூள். தாளில் சுற்றித் தருவார்கள், தாளையும் நக்குவோம். அதிபர் எங்களைவிட வயது குறைந்தவர். அவர் "வாங்க அக்கா" என்றதும் எங்களுக்குக் கொஞ்சம் அடிபட்ட மாதிரி ஆகிவிட்டது.

வகுப்பறை சின்னதாகிவிட்டது. எல்லோரும் இதையே எழுதுவார்கள், அதனால் இதைத் தாண்டிப் போகிறேன். புதுக் கட்டடம் ஒன்று, ஸ்மார்ட் போர்ட் ஒன்று, நூலகத்தில் குளிரூட்டி. நன்றாகத்தான் இருக்கிறது. எல்லாவற்றிலும் கொடுத்தவர்களின் பெயர் எழுதியிருக்கிறது. ஒரு சீமெந்து வாங்கில் நான்கு பெயர். டென்மார்க்காரி ஒவ்வொன்றையும் படம் எடுத்தாள்.

பிறகு மட்டக்குளிக்காரி மெதுவாகக் கேட்டாள்: "பாத்ரூம் எங்க மிஸ், முந்தின இடத்திலயா?"

முந்தின இடத்தில்தான். பின்மதிலோரம் எட்டு அறைகள். அவற்றில் ஐந்துதான் பாவனையில். ஐந்தில் மூன்றுக்குத்தான் கதவு ஒழுங்காகப் பொருந்துகிறது, உள்ளே கொண்டி இருப்பது ஒன்றுக்கு. ஒரு கதவில் கொண்டி இருந்த இடத்தில் துளை, துளைக்குள் கசக்கிய தாள். நாங்கள் ஆறு பேரும் அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டு நின்றோம். எங்கள் காலத்திலும் அங்கே தாள்தான்.

"கதவு பிடிக்க வாறியா?"

யார் சொன்னது என்று தெரியாது. ஆனால் இருபத்தொன்பது வருடமாக யாரும் சொல்லாத வசனம் அது. எங்கள் பாடசாலையில் கூட்டாளி என்றால் அர்த்தம் இதுதான்: நீ உள்ளே போகும்போது வெளியே நின்று கதவை இழுத்துப் பிடிப்பவள். கோபித்துக்கொண்டால் முதலில் நிற்பது பேச்சு இல்லை, கதவு பிடிப்பது. கோபம் தீர்ந்தது என்று சொல்லவும் அந்த ஒரு கேள்வி போதும். கூட்டாளி வராத நாளில் தண்ணீரே குடிக்கமாட்டோம்.

இப்போது 1996 ஜனவரி 31 பற்றிச் சொல்ல வேண்டும். புதன்கிழமை, பதினொரு மணிக்குச் சற்று முன். வகுப்பில் விஞ்ஞானம். முதலில் யன்னல் கண்ணாடி அதிர்ந்தது, பிறகு சத்தம். கோட்டையில் மத்திய வங்கியில் வெடிமருந்து ஏற்றிய லொறி வெடித்திருந்தது. 91 பேர் இறந்தார்கள், ஆயிரத்துக்கும் மேல் காயம். எங்களுக்கு அப்போது ஒன்றும் தெரியாது. கூரைக்கு மேலாகப் புகை தெரிந்தது, அதுதான். வாயிலைப் பூட்டினார்கள். பெற்றோர் வந்தால்தான் பிள்ளையை விடுவார்கள். ஆனால் வீதிகளில் சோதனை, தமிழ்ப் பெற்றோர் எப்படி உடனே வருவது? செட்டியார் தெருவில் நகைப் பட்டறையில் வேலை செய்த என் அப்பா நடந்து வந்து சேர மாலை ஐந்து தாண்டிவிட்டது. சட்டைப் பையில், கொழும்பில் இருந்த தமிழர் அப்போது வைத்திருக்க வேண்டிய பொலிஸ் பதிவுத் துண்டு, அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தார்.

அந்த ஆறு மணித்தியாலமும் வகுப்புப் பிள்ளைகள் மாறி மாறி பின்மதிலுக்குப் போனோம். பயத்தில் வயிறு கலங்கியவர்கள் பாதிப் பேர். கதவு பிடித்தது ஒருத்தி மட்டும், மாளிகாவத்தைக்காரி. நோன்பு மாதம் அது, அவள் நோன்பு பிடித்திருந்தாள். "நான் தண்ணி குடிக்கலத்தானே, எனக்குப் போக வராது, நான் பிடிக்கிறன்" என்று வெயிலில் அங்கேயே நின்றுவிட்டாள்.

இது எனக்கு நினைவு இருந்ததா? இல்லை. சத்தம் நினைவிருந்தது, புகை நினைவிருந்தது, அப்பாவின் சட்டை நினைவிருந்தது. அவள் நின்றதை இன்று ஹட்டன்காரி சொல்லித்தான் எனக்கு வந்தது. மாளிகாவத்தைக்காரியைக் கேட்டால், "எனக்குக் கை வலிச்சது மட்டும்தான் ஞாபகம்" என்கிறாள்.

பதினொரு மணிக்கு விஞ்ஞான மிஸ் ஓட்டோவில் வந்திறங்கினார். எண்பதை நெருங்குகிறார், கைத்தடி இருக்கிறது, குரல் மாறவில்லை. என்னை வேறொருத்தியின் பெயரால் கூப்பிட்டார், நான் திருத்தவில்லை. வட்டிலப்பத்தை இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார். எங்கள் பேச்சைக் கேட்டுவிட்டு, "உங்களுக்கு எட்டு இருந்தது. டீச்சர்மார் இருபத்திரண்டு பேருக்கு ஒன்று. சாவி ஒன்று, அது துணை அதிபரின் மேசையில். நான் நாலாம் பாடம் முடியும் வரை ஒரு சொட்டுக் குடிக்கமாட்டேன்" என்றார். எங்களுக்குத் தண்ணீரின் கொதிநிலை படிப்பித்தவர்!

நானும் இப்போது ஆசிரியைதான். பரீட்சை எழுதிய அந்த 1996 இல் எனக்குச் சிறுநீர்த் தொற்று வந்து காய்ச்சலில் கிடந்தேன். "தண்ணி குடிக்கிறதில்லையா?" என்று டொக்டர் கேட்க, "குடிக்கிறவ, நல்லா குடிக்கிறவ" என்று அம்மா பதில் சொன்னார். தண்ணீர் குறைத்துக் குடிப்பதும் மணிக்கணக்காக அடக்குவதும் தொற்றுக்கு நேர்வழி என்று என் வகுப்பில் பாடமாகச் சொல்கிறேன். சொல்லிவிட்டு ரயிலில் மூன்று மிடறு குடிக்கிறேன்.

அதிபர் அவசரப்படாமல் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "2024 இல் மாணவிகளுக்குச் சுகாதாரத் துவாய் வாங்க அரசாங்கம் வவுச்சர் தந்தது, அக்கா. நல்ல விஷயம். ஆனா பிள்ளை துவாயை மாற்றக் கதவு பூட்டுப்பட வேணுமே. அந்த நாட்களில சில பிள்ளைகள் வாறதே இல்லை" என்றார். அன்பளிப்புக் கேட்டுப் போனால் எல்லோரும் மேடை, வளைவு, பெயர்ப்பலகை என்கிறார்களாம். மலசலகூடத்தில் பெயர் போட யாருக்கும் விருப்பமில்லை.

எல்லோரும் டென்மார்க்காரியைப் பார்த்தோம். அது பிழை, அப்படிப் பார்த்திருக்கக் கூடாது.

"என்னை ஏன் பார்க்கிறீங்க?" என்றாள். "உங்களுக்கெல்லாம் இங்க வீடு இருக்கு, மாமி இருக்கு, வாக்காளர் பட்டியலில இருந்து மின்சார பில் வரைக்கும் உங்கட பெயர் இருக்கு. எனக்கு இந்த ஊரில எழுதி வச்ச பெயர் ஒன்றும் இல்லை. வீடும் மருந்துக்கடையாப் போச்சு." மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. நேற்றிரவு அவளைப் பகட்டுக்காரி என்று மனதுக்குள் நினைத்ததற்கு எனக்கு வெட்கமாக இருந்தது.

விஞ்ஞான மிஸ்தான் பேசினார். "உன் பெயர் ஒன்பதாம் வகுப்பு விஞ்ஞானப் பாடப் புத்தகத்தில் என் அலுமாரியில் இருக்கு. வேறொரு புத்தகம் கடன் வாங்கிக் கொடுக்காமல் போனாய், இதன் கடைசிப் பக்கத்தில் உன் பெயர் எழுதி வைத்தேன்." எல்லோரும் சிரித்தோம், அவளும்தான். வளைவு விஷயம் அதோடு தீர்ந்தது என்று சொல்லமாட்டேன். பகல் சோற்றுப் பார்சல் பிரிக்கும் வரைக்கும் உம்மென்றுதான் இருந்தாள். கை கழுவப் போனவள் திரும்பி வந்து, "பைப்பும் ஒழுகுது. கொண்டி மட்டும் போட்டுக் காணாது" என்றாள். பேச்சு முடிந்தது.

மூன்றாம் நாள், சனிக்கிழமை

காலையிலேயே பழைய சோனகத் தெரு. கொழும்பில் எதற்கும் ஒரு தெரு உண்டு. துணி என்றால் கெய்சர் வீதி, வெங்காயமும் உருளைக்கிழங்கும் நான்காம் குறுக்குத் தெரு, மூலிகை மருந்துச் சரக்கு கபோஸ் லேன், தங்கம் செட்டியார் தெரு. ஆணி, குழாய், பெயின்ட் என்றால் பழைய சோனகத் தெருதான். பேரம் பேச மாளிகாவத்தைக்காரியை விட்டோம், அவளுடைய வாப்பா இந்தத் தெருவில் வேலை செய்தவர். கடைக்காரர் கொண்டியை மேசையில் பரப்பினார்: அலுமினியம், பித்தளை, துருப்பிடிக்காத உருக்கு. அலுமினியம் மலிவு, ஆனால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் இழுக்கிற இழுவைக்கு ஒரு தவணைகூடத் தாங்காது என்று அவரே சொன்னார். உருக்குக் கொண்டி எட்டு, பைப் ஆறு, பிளாஸ்டிக் கதவு ஐந்து. அறைக்குள் ஆணியில் மாட்ட ஒரு கொளுக்கியும் கேட்டேன். பாவாடையைப் பிடிப்பதா, பையைப் பிடிப்பதா என்று அந்த வயதில் தவித்தவர்களுக்குத்தான் அது எதற்கென்று தெரியும். ஆயிரம் லீற்றர் தண்ணீர்த் தாங்கிக்கு முற்பணம் கட்டினோம், அடுத்த கிழமை வரும். மிச்சக் காசில் மூடியுள்ள குப்பை வாளிகள்.

சாமான் லொறியில் ஏறும் வரை ஒரு மணித்தியாலம் இருந்தது. நான் மட்டும் செட்டியார் தெருவுக்கு ஓடினேன். அப்பாவின் பட்டறை இருந்த மாடிப்படி இருக்கிறது, மேலே இப்போது வேறு யாரோ. பட்டறையைக் கூட்டிய குப்பையைக்கூட எறியமாட்டார்கள், அதில் பொன்தூள் இருக்கும், வாங்க ஆள் வரும் என்று அப்பா சொல்வார். பழைய கதிரேசன் கோயில் வாசலில் நின்று கும்பிட்டுவிட்டு வந்தேன். ஆடிவேல் நாளில் இந்தத் தெருவில் இருந்து தேர் பம்பலப்பிட்டிக்குப் புறப்படும்போது அப்பாவின் தோளில் இருந்து பார்த்திருக்கிறேன்.

திரும்பும் வழியில் கொச்சிக்கடை அந்தோனியார் கோயில். மட்டக்குளிக்காரி செவ்வாய் தோறும் வருபவள், சனிக்கிழமையிலும் விடமாட்டாள். வாயிலில் பைகளைப் பார்த்துத்தான் உள்ளே அனுப்புகிறார்கள். 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புக்குப் பிறகு அப்படித்தான். அந்த வருடமே ஜூன் 13 திருவிழாவுக்கு முன்னால் கோயிலைத் திருத்தித் திறந்துவிட்டார்கள். அவளுடைய பையில் இருந்த கொண்டி ஒன்றைப் பார்த்துக் காவலர் புருவத்தை உயர்த்தினார். "பாத்ரூமுக்கு" என்றாள். அவர் சிரித்து உள்ளே விட்டார்.

வத்தளைக்காரியின் கணவர் தெரிந்த தச்சுப் பாஸ் ஒருவரை அனுப்பியிருந்தார். நாங்கள் போகும்போது பழைய கதவுகள் மதிலோரம் சாய்த்துக் கிடந்தன. ஒவ்வொன்றின் உள்பக்கத்திலும் கவராயத்தால் கீறிய பெயர்கள், அடுக்கடுக்காக. டென்மார்க்காரி குந்தி இருந்து ஒவ்வொரு கதவாகத் தேடினாள். அவளுடையது கிடைக்கவில்லை. எப்படிக் கிடைக்கும், இந்தக் கதவுகளே எங்களுக்குப் பிறகு வந்தவை. புதுக் கதவு பொருத்தும்போது பாஸிடம் ஆணி ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். அதிபர் மறுபக்கம் திரும்பி நின்றார்.

நாலு மணிக்கு முதல் மூன்று கதவு முடிந்தன. மற்றவை நாளைக்கு. எனக்கு இரவு ரயில். போவதற்கு முன் யாராவது பரீட்சித்துப் பார்க்க வேண்டும் என்றார் அதிபர். காலையில் இருந்து பிளேன்டீ, இளநீர், ஒரு போத்தல் தண்ணீர் முழுவதும் குடித்திருந்தேன், நானே போனேன். கொண்டி 'டக்' என்று விழுந்தது. பையைக் கொளுக்கியில் மாட்டினேன். பைப்பில் தண்ணீர் வந்தது.

வெளியே வர இழுத்தால் கதவு திறக்கவில்லை. கொண்டியைக் கழற்றியாகிவிட்டது, இருந்தும் அசையவில்லை. இன்னும் ஒருமுறை இழுத்தேன். அந்தப் பக்கத்தில் பாஸ் பதறிப்போய்க் கேட்பது கேட்டது:

"ஏன் மிஸ் கதவைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறீங்க? கொண்டி சரியில்லையா?"